எல்லா எடத்துக்கும் கூட வந்தவ

எம்மா, கொஞ்சம் நகந்து அந்த ஜன்னல் பக்கத்த எனக்குக் குடேன், புண்ணியமாப் போவும். அந்தா அந்தச் சீட்டு காலியாத்தான் கெடக்கு, எனக்கும் கண்ணு தெரியுது. அது வலது பக்கம்லா? அங்கன வெயிலு அடிக்கும். இங்கனயும் அடிக்கத்தான் செய்யுது, அது பரவால்ல. எனக்கு இந்தப் பக்கம் உக்காந்துதான் பழக்கம்.

தூக்குவாளிய மடியில வச்சுக்கோ தாயி. கீழ வச்சா இவன் போடுத பிரேக்குக்கு ரசம் பூரா பஸ்ஸுக்குத்தான். பெரியாஸ்பத்திரிக்கா? யாரு கெடக்கா? ஒங்க மைனியா? பிரசவம்னா சந்தோசம்தான். பொம்பளப் பிள்ளையா, இருக்கட்டும், நாளைக்குப் பக்கத்துல உக்காந்து ஒரு வாய் கஞ்சி குடுக்கது அதுதான். எனக்கு ஒரே மவன், சென்னையில இருக்கான். போன் போடுவான். சாப்ட்டியாம்மான்னு கேப்பான், சாப்ட்டேன்பேன், வச்சிருவான்.

நான் தர்காவுக்குப் போறேன். பெரியாஸ்பத்திரி தாண்டி ஆத்துப்பாலம், பாலம் தாண்டுனா தர்கா. வியாழக்கிழமைன்னா லெப்பை காலையிலேர்ந்து ஓதுவாரு. நாம சாமி கும்புடுத ஆளுவதான், ஆனா பயந்த கோளாறுக்கு அவரு ஓதித் தண்ணி தெளிச்சாத்தான் கேக்கும். எனக்கு நோய்நொடி ஒண்ணும் கெடையாது கேட்டியா. நெஞ்சு படபடன்னு அடிக்கும். கை நடுங்கும். விடியதுக்கு முன்னாலயே முழிப்பு வந்துரும், வந்தா பெறகு ஒறக்கம் கெடையாது. காரணமே இல்லாம அழுக வரும். சோறு எறங்காது. அவ்வளவுதான், வேற ஒண்ணும் இல்ல.

இதுல ஒரு சங்கடம் என்னன்னா, அங்க தண்ணி தெளிச்சாச்சுன்னா வீட்டு நடை ஏறுத வரைக்கும் வாயத் தெறக்கக் கூடாது. பேசிட்டா ஓதுனது அம்புட்டும் வாய் வழியாப் போயிரும். லெப்பை அப்பிடிச் சொல்லல, அங்க வரிசையில நிக்க பொம்பள ஆளுவ சொல்லுவாளுவ, நாங்க அதயே பிடிச்சுக்கிட்டோம். அதனால கூட ஒரு ஆளு வேணும். பஸ்ஸுல பொம்பளைக்கு இப்ப ஓசிதான், ஆனாலும் எங்க எறங்கணும்னு கண்டக்டர்ட்ட சொல்லணும்லா? வழியில எவளாவது எங்க போயிட்டு வாரன்னு கேட்டா பதில் சொல்லணும்லா? ஒரு வாரம் எனக்குத் தெளிச்சா அவ பேசுவா. அடுத்த வாரம் அவளுக்குத் தெளிச்சா நான் பேசுவேன். வருசக்கணக்கா அப்பிடித்தான் போயிட்டு வந்தோம், நானும் ஆவுடையும்.

ஆவுடை யாருன்னு கேக்கமாட்டேங்கியே. எனக்கு எதுத்த வீடு. ரெண்டு பேரும் பீடி சுத்துதோம். காலையில வேல முடிஞ்சதும் இலையும் தூளும் வச்ச சொளவத் தூக்கிக்கிட்டு எங்க வீட்டுக்கு வந்திருவா. எதிரும் புதிருமா உக்காந்தோம்னா, சாயங்காலம் கடையில பீடி குடுக்கப் போற வரைக்கும் பேச்சுத்தான். என்ன பேச்சு, எல்லாம் கஷ்டம்தான். எங்க வீட்டு அவிய போயிச் சேந்த பெறகு எனக்குப் பிடிச்சது இது. அவளுக்குப் புருசன் இருந்தும் இல்லாத கணக்கு, திருப்பூர்ல எவளோடயோ இருக்கான். அவளுக்கும் இதே படபடப்பு, இதே அழுக. அவ அழுதா நான் அழுவேன், நான் அழுதா அவ அழுவா. கை பாட்டுக்குச் சுத்தும், கண்ணு பாட்டுக்கு ஊத்தும். அப்பிடி ஒரு சிநேகிதம் இந்தக் காலத்துல யாருக்கு அமையும், சொல்லு.

நாங்க போகாத எடம் இல்ல. கோடாங்கிட்ட போனோம். வெத்தலையில மை போட்டுப் பாத்தோம். வேளாங்கண்ணிக்குப் போனோம், அவ மாட்டேன் மாட்டேன்னா, நாந்தான் கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போனேன். ரெண்டு பேரும் மொட்ட போட்டுக்கிட்டு ஒருத்திய ஒருத்தி பாத்துச் சிரிச்சோம் பாரு, கடக்கரையில எல்லாரும் திரும்பிப் பாத்தாவ. ரெண்டு பேரும் சேந்து வாய்விட்டுச் சிரிச்சது அதுதான் கடைசின்னு நெனைக்கேன். எங்க போனாலும் சோடிதான். ஊர்ல எங்களுக்குப் பேரே ரெட்ட மாடுன்னுதான்.

அப்பேர்ப்பட்டவ ஒரு எடத்துக்கு மட்டும் தனியாப் போயிட்டா. எல்லா எடத்துக்கும் கூட வந்தவ, அந்த ஒரு எடத்துக்கு என்னய விட்டுட்டுப் போயிட்டா. கூட இருந்தே குழி பறிக்கதும்பாவள்ளா, அது இதுதான்.

எந்த எடமா? நீ எறங்கப் போற பெரியாஸ்பத்திரிதான். அங்க மனசுக்குன்னு தனியா ஒரு டாக்டரு, பொம்பள டாக்டராம். பைத்தியம் பிடிச்ச கோட்டிக்காரவிய எல்லாம் போவாவள்ளா, அந்த எடம்.

எனக்கு எப்பிடித் தெரிஞ்சுதுன்னா, மொதல்ல அவ தூங்க ஆரம்பிச்சா. சொளவ மடியில வச்சுக்கிட்டே மத்தியானம் தூங்கி விழுதா. ராத்திரியும் நல்லாத் தூங்குதேன்னு வாய்கூசாம சொல்லுதா. எனக்கு வயிறு எரிஞ்சுது. ரெண்டு பேரும் ஒறக்கம் கெட்ட ஆளுவ, நீ மட்டும் எப்பிடித் தூங்கலாம்? பெறகு ஒரு வாரம் நான் பாட்டுக்கு அழுதுகிட்டு இருக்கேன், நிமுந்து பாத்தா அவ அழல. என் முதுகத் தடவிக் குடுக்கா. எனக்கு எப்பிடி இருந்திருக்கும்? அவ அழுதா நான் என்னிக்காவது முதுகத் தடவிக்கிட்டுச் சும்மா இருந்திருக்கேனா, கூட அழுதேம்லா. அன்னிக்கு அவ எந்திக்கும்போது இடுப்புச் சுருக்குப்பையிலேர்ந்து மாத்திர அட்ட விழுந்துது. பிடிச்சுக்கிட்டேன். என்னட்டி இதுன்னேன். சொல்லிட்டா. மூணு மாசமாப் போறாளாம். இதும் சக்கர வியாதி மாதிரி ஒரு வியாதியாம், மாத்திர உண்டாம், கொஞ்சங் கொஞ்சமாத்தான் கேக்குமாம். மாத்திரையோட, உக்கார வச்சு என்ன ஏதுன்னு பேசச் சொல்லிக் கேக்காவளாம்.

பேசதுக்கு ஆஸ்பத்திரியா? பேசதுக்கு நான் இல்லையா? இம்புட்டு வருசம் காதக் குடுத்தவ நான், இவ போயி எவளோ ஒரு டாக்டரம்மாட்ட மனசத் தெறந்து கொட்டிருக்கா. என்னப் பத்தி என்னென்ன சொன்னாளோ.

முன்னாலயே சொல்லலியான்னு கேக்கியா? சொன்னான்னு வையி. ‘உலகு, நாளைக்குப் பெரியாஸ்பத்திரி வரைக்கும் போயிப் பாப்பமா, தனியாப் போக பயமா இருக்கு’ன்னா. உலகம்மாங்கது என் பேரு, அவ உலகும்பா. அன்னிக்கு நான் இலைய நனச்சுப் போட்டுட்டேன். பீடி இலைய நனச்சா அன்னிக்கே வெட்டணும், விட்டா பூசணம் பூத்துரும். எப்பிடி வர முடியும்? அதோட, ‘என்னட்டி, கோட்டி ஆஸ்பத்திரிக்கா கூப்புடுத’ன்னு சிரிச்சேன். வெளையாட்டுக்குத்தான். அவளும் சிரிச்ச மாதிரிதான் இருந்துது. பெறகு இன்னொரு தடவையும் கேட்டா. அன்னிக்கும் இல நனச்சிருந்தேன். ஆனா இதெல்லாம் ஒரு கூப்புடுதலா? வாயால சொன்னா ஆச்சா? நான் வேளாங்கண்ணிக்குக் கூட்டிட்டுப் போன மாதிரி கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போயிருக்கணும்லா?

அவளுக்கு இந்தப் புத்தி எப்ப வந்துதுன்னு நான் யோசிச்சு யோசிச்சுப் பாத்தேன். ஒரு நாளு நல்ல மழ, கரண்டு இல்ல. வாசப்பக்கம் வெளிச்சத்துல உக்காந்து சுத்திக்கிட்டு இருக்கோம். அவ தலையத் தூக்காமலே சொன்னா. ‘படுத்தா அப்பிடியே எந்திக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு வருது, உலகு.’ நான் ஆறுதலாத்தான் சொன்னேன், ‘எனக்குத் தெனமும் அப்பிடித்தான்ட்டி வருது, இது ஒரு பெரிய விசயமா, இலைய எடு’ன்னு. அவ சுத்துத கைய நிப்பாட்டிட்டு என்னயவே பாத்தா. மூஞ்சி வெளுத்துப் போச்சு. அதுக்குப் பெறகுதான் இந்த ஆஸ்பத்திரிப் பேச்சே வந்துது.

சரி, மாத்திரையப் பாத்தாச்சு. எனக்கு மனசு கேக்கல. அவ மைனிட்ட போயிச் சொன்னேன். நல்லதுக்குத்தான் சொன்னேன், சொந்தக்காரவளுக்குத் தெரியாண்டாமா? யார்ட்டயும் சொல்லாத உலகுன்னு ஆவுடை என் கையப் பிடிச்சுச் சத்தியம் வாங்குனா, நான் இல்லங்கல. ஆனா அண்ணன் பொண்டாட்டி என்ன மூணாம் மனுசியா? அவ வாய் ஓட்ட வாயின்னா அதுக்கு நான் என்ன செய்ய? ஆவுடை மூத்த மவளுக்கு ஒரு மாப்பிள பேசி, பூ வைக்க நாள் பாத்து வச்சிருந்தாவ. தாய்க்காரி கோட்டி ஆஸ்பத்திரிக்குப் போறாளாமேன்னு அவிய பின்வாங்கிட்டாவ. பிராப்தம் இல்ல, வேற என்ன? நான் சொன்னது ஒரே ஒரு ஆள்ட்டதான்.

அதுலேர்ந்து அவ சொளவு என் வீட்டுக்கு வரல. அவ வீட்டுலயே உக்காந்து சுத்துனா, கதவத் தெறந்து போட்டுக்கிட்டு, நான் பாக்குற மாதிரி. பெறகு பீடியையும் விட்டுட்டா. பால்வாடியில ஆயா வேலைக்குப் போறா. பிள்ளையளோட சேந்து பாடுதாளாம். கேட்டியா, பாடுதாளாம். ஆத்தக் கடக்க வரைக்கும் அண்ணன் தம்பி, கடந்தாச்சுன்னா நீ யாரோ நான் யாரோ. என் வீட்டுல இப்ப சொளவு ஒண்ணுதான். நான் சுத்துதேன். எதுத்தாப்புல சுவருதான் இருக்கு.

தர்காவுக்குத் தனியாப் போனேன். போறதுக்கு என்ன, போயிட்டேன். தண்ணி தெளிச்சாச்சு, வாய மூடிக்கிட்டுத் திரும்பி வாரேன். கண்டக்டரு எங்கம்மா எறங்கணும்னு கேக்கான். கையக் காட்டுதேன். அவனுக்குப் புரியல. ஊமையான்னு கேக்கான். இல்லன்னு தலையாட்டுதேன். பின்னால இருந்த ஒருத்தன், ‘கோட்டி போல இருக்கு, விடுங்கண்ணே’ங்கான். பஸ்ஸே சிரிச்சுது. என்னயப் பாத்து கோட்டின்னுட்டான், தாயி. நாலு கேள்வி நறுக்குன்னு கேட்டிருப்பேன், ஆனா வாயத் தெறந்தா ஓதுனது போயிரும்லா. கண்ணுல தண்ணி ஊத்த ஊத்த உக்காந்து வந்தேன். அன்னிக்கு ஆவுடை கூட இருந்திருந்தா அவன அடுத்த ஸ்டாப்புல எறக்கி விட்டிருப்பா. அவ வாய்க்கு முன்னால எவனும் நிக்க முடியாது.

லெப்பையாவது எனக்கு நியாயம் சொல்லுவாருன்னு பாத்தேன். கூட வருவாங்களே அந்தம்மா எங்கன்னு கேட்டாரு. ஆத்தமாட்டாம எல்லாத்தையும் கொட்டுனேன். அவரு பொறுமையாக் கேட்டுட்டு, ‘நல்லது. ஓதுறத நான் ஓதுறேன், மருந்த அவங்க குடுக்கட்டும். நீங்களும் ஒரு எட்டு போயிட்டு வாங்கம்மா’ன்னாரு. எப்பிடி இருக்கு பாரு. அவரும் அவ பக்கம் சாஞ்சுட்டாரு. நியாயம் கேட்டுப் போன எடத்துல எனக்கே தீர்ப்புச் சொல்லிட்டாரு.

பெறகு ஒரு நாளு ஆவுடையே வந்தா. நான் உள்ள வான்னு சொல்லல, அவளும் வரல. நடையிலயே நின்னுக்கிட்டு சொன்னா.

‘மைனிட்ட சொன்னது நீதான்னு எனக்குத் தெரியும் உலகு. அந்தக் கோவம் எனக்குப் போகல, போகும்னும் தோணல. ஆனா நீ ஒரு நாளு எந்திக்காமப் போயிருவியோன்னு எனக்குப் பயமா இருக்கு. மாசத்து மொத வியாழக்கிழம நான் ஆஸ்பத்திரி கேட்டுக்கிட்ட நிப்பேன். நீ அந்த பஸ்ஸுலதான தர்காவுக்குப் போவ. எறங்குனா சேந்து உள்ள போவோம்.’

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுது. வீட்டு நடையில நின்னுக்கிட்டு எந்திக்காமப் போயிருவன்னு சொல்லுதான்னா அது சாபம்லா? நான் கதவச் சாத்திட்டேன். சாத்திட்டு உப்பும் மொளகாயும் எடுத்து எனக்கு நானே சுத்திப் போட்டேன். அதுக்கும் கூட ஒரு ஆளு வேணும், தனக்குத் தானே சுத்துனா சரியா வராது.

சொன்ன மாதிரியே நிக்கா. நாலஞ்சு மாசமா நிக்கா. கேட்டுக்கு வெளிய இளநிக்காரன் இருக்கான்லா, அவன் பக்கத்துல, பச்சக் கூடைய வச்சுக்கிட்டு. இந்த பஸ்ஸு போயி நின்னா ஒவ்வொரு ஜன்னலாப் பாப்பா. நான் முந்தானைய இழுத்து மூஞ்சிய மூடிக்கிடுவேன். பஸ்ஸு நவுந்த பெறகு திரும்பிப் பாப்பேன். நின்னுக்கிட்டுத்தான் இருப்பா, அடுத்த பஸ்ஸப் பாத்துக்கிட்டு. எனக்கு அதுல ஒரு திருப்தி. நிக்கட்டும். செஞ்சதுக்கு வெயில்ல நல்லா நிக்கட்டும்.

நீ ஏன் அப்பிடிப் பாக்க? நான் அவளப் பாக்கதுக்குன்னா இந்தப் பக்கம் உக்காந்தேன்? காத்துக்குத்தான்.

இன்னிக்கும் மொத வியாழக்கிழமதான். இந்தா திரும்பிட்டான் பாரு, அந்த மஞ்சச் சுவரு ஆஸ்பத்திரிதான். நீ எந்திக்காத, கூட்டம் எறங்கட்டும், வெரசா எறங்கி என்ன செய்யப் போற. இரு, நான் முந்தானைய எடுத்துக்கிடுதேன். அவ மொத ஜன்னல்லேர்ந்துதான் பாப்பா.

எங்க காணோம்?

இளநிக்காரன் நிக்கான். அவன் பக்கத்துல யாரு, அது எவளோ. எம்மா, ஒனக்குச் சின்ன வயசுக் கண்ணு, நல்லாப் பாரு. பச்சக் கூட. குட்டையா இருப்பா, இப்ப கொஞ்சம் சத போட்டிருக்கா. கேட்டுக்கு உள்ள யாராவது நிக்காவளா? மரத்துக்குப் பின்னால?

இல்லையா?

நாலஞ்சு மாசமா நின்னவளுக்கு இன்னிக்கு என்ன கேடு? வாரேன்னு சொல்லிட்டு நிக்காமப் போறதா? பாத்தியா, இதுலயும் என்ன ஏமாத்திட்டா. காலையில அவ வீட்டுக் கதவு சாத்தித்தான் கெடந்துது. முன்னாலயே கெளம்பிப் போயிருப்பான்னு நெனச்சேன். நான் அவ கதவப் பாக்கதில்ல, சும்மா கண்ணுல பட்டுது. வாசல்ல தண்ணி தெளிக்கல, கோலமும் இல்ல.

கோலம் இல்ல தாயி. ஒரு நாளும் போடாம இருக்கமாட்டா. நான் அத யோசிக்கவே இல்லையே. பூட்டு தொங்கலையே, உள்ளயிருந்துதான சாத்தியிருந்துது. மவளுவ நேத்தே ஆச்சி வீட்டுக்குப் போயாச்சு, உள்ள அவ ஒத்தையிலதான். மாத்திரைய நிப்பாட்டிட்டாளோ. எந்திக்காமலே போயிட்டா நல்லாருக்கும்னு சொன்னவள்லா அவ. மொதல்ல சொன்னது அவதான.

ஏ கண்டக்டர் தம்பி, விசில் குடுக்காத, ஆளு எறங்குது. தர்கான்னுதான் சொன்னேன், இப்ப இங்க எறங்குதேன், ஓசி டிக்கெட்டுதான, ஒனக்கு என்ன? எம்மா, அந்தத் தூக்குவாளிய என்ட்ட தா, நீ பையப் பைய எறங்கு. எனக்கு ஒண்ணும் இல்ல, படி ஒசரமா இருக்கு, கையப் பிடிச்சுக்கோ. நான் எனக்காக எறங்கல கேட்டியா. அவ உள்ள வந்தாளா இல்லையான்னு பாக்கணும். இருந்தான்னா, ஏன்ட்டி நிக்கலன்னு ரெண்டுல ஒண்ணு கேட்டுட்டு வந்துருவேன். இல்லேன்னா அந்த டாக்டரம்மாட்ட சொல்லணும், வீட்டுக்கு ஆள அனுப்பச் சொல்லணும், அவியளுக்குத்தான் தெரியும்.

அந்த வாட்ச்மேன்ட்ட கேளு தாயி, மனசுக்குப் பாக்குற டாக்டரு எங்கன உக்காந்திருக்காவன்னு. நீ கேளு. எனக்கு வாய் வரமாட்டேங்கு. யாருக்குன்னு அவன் கேட்டா, ரெண்டு பேருக்குன்னு சொல்லு.